காசும் கேஷும் பிறப்பும்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களை அடுக்கும் எந்தப் பட்டிமன்றப் பேச்சாளரும் ‘கேஷ்’ என்ற சொல்லை விட்டுவைப்பதில்லை. நம்முடைய காசுதான் வெள்ளைக்காரன் வாயில் கேஷ் ஆனது என்பார், அரங்கம் கைதட்டும். அதே செய்தி வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறையாவது சுற்றி வரும். கேட்கிறவருக்குச் சந்தேகம் எழக் காரணமே இல்லை. ஒலி ஏறக்குறைய ஒன்று, பொருள் ஒன்று, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சென்னையில் கோட்டை கட்டிக் குடியிருந்ததும் உண்மை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வேண்டும். ஏனென்றால் கடைக்காரர் “கேஷா, கார்டா?” என்று கேட்கும்போது வருகிற கேஷுக்கும் தமிழுக்கும் தொடர்பில்லை. அதே சமயம், தமிழிலிருந்து போன கேஷ் ஒன்றும் ஆங்கிலத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆங்கிலப் பேரகராதிகள் இவ்விரண்டையும் தனித்தனிச் சொற்களாகவே பதிவு செய்கின்றன. எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, வம்சம் வேறு. மேடையில் சொல்லப்படும் கதை பாதி தவறு. மீதிப் பாதியோ, மேடையில் சொல்வதைவிடப் பெரிய கதை.

முதல் கேஷின் பூர்வீகம் இத்தாலி. லத்தீனில் ‘காப்சா’ என்றால் பெட்டி. அது இத்தாலிய மொழியில் ‘காஸ்ஸா’ ஆயிற்று, பிரெஞ்சில் ‘காஸ்’, ‘கேஸ்’ என்றெல்லாம் வடிவெடுத்தது. வெனிஸ், புளோரன்ஸ் வணிகர்கள்தாம் அன்றைய ஐரோப்பாவுக்குக் கணக்கெழுதக் கற்றுக்கொடுத்தவர்கள். லூக்கா பாச்சோலி என்ற துறவி 1494இல் வெனிஸில் அச்சிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கும்போது ரொக்கக் கணக்குக்குக் கொடுத்திருக்கும் பெயர் காஸ்ஸாதான். கணக்கு முறையோடு அதன் சொற்களும் வடக்கே பயணப்பட்டன. லண்டனில் ஜான் ஃப்ளோரியோ 1598இல் வெளியிட்ட இத்தாலிய - ஆங்கில அகராதியில், காஸ்ஸா என்பதற்குப் பெட்டி, பேழை என்பவற்றோடு வணிகரின் ‘கேஷ்’ என்றும் பொருள் தரப்பட்டிருக்கிறது. அங்கே கேஷ் என்பது பணம் அல்ல, பணம் வைக்கும் பெட்டி.

பெட்டி எப்படிப் பணமாக மாறும் என்று தமிழருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கடையில் பணம் போடும் பெட்டி கல்லா. “படம் நன்றாகக் கல்லா கட்டியது” என்கிறோம். தயாரிப்பாளர் தச்சு வேலை செய்தார் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. தேர்தல் காலத்தில் “பெட்டி கைமாறிவிட்டது” என்றால் பெட்டிக்குள் இருப்பது என்ன என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இத்தாலியப் பெட்டிக்கும் நடந்தது அதுதான். முதலில் பெட்டி, பிறகு பெட்டியில் இருப்பது, அதன் பிறகு கடன் சொல்லாமல் கையில் எண்ணி வைக்கும் ரொக்கம்.

இந்தப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் உறவுக்காரர்கள் நிறைய. கேஸ் என்றால் உறை, பெட்டி. சூட்கேஸில் இருப்பது அதுதான். சிறிய பெட்டி என்ற பொருளில் பிறந்தது காப்ஸ்யூல், நாம் தண்ணீரோடு விழுங்கும் மாத்திரை. ஆக, சூட்கேஸில் கேஷ் கொண்டு போகிறவர் ஒரே குடும்பத்துச் சொற்கள் இரண்டைச் சேர்த்துத் தூக்கிப் போகிறார். காஷியரும் இந்தக் குடும்பம்தான். ஆனால் ராணுவ அதிகாரியை அவமானப்படுத்திப் பதவி நீக்குவதற்கும் ஆங்கிலத்தில் ‘காஷியர்’ என்றொரு வினைச்சொல் உண்டு. அதற்கும் இந்தப் பெட்டிக்கும் எந்த உறவும் இல்லை. அது வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து டச்சு வழியாக வந்தது. உருவம் ஒத்துப்போனாலே உறவு என்று நினைத்தால் ஆங்கிலேயரே தம் வீட்டுக்குள் தடுக்கி விழுவார்கள்.

இனி நம்முடைய கேஷ். இந்தக் கதை போர்த்துக்கீசியரோடும் இத்தாலியப் பயணிகளோடும் தொடங்குகிறது. ஆங்கிலேயர் பின்னால் வந்தவர்கள். லுடோவிகோ தி வர்தேமா என்ற பொலோனியாக்காரர் தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1510இல் தம் பயணக் குறிப்புகளை அச்சிட்டார். விஜயநகர நாணயங்களைப் பற்றிச் சொல்லும்போது ‘காஸ்’ என்றொரு நாணயத்தைக் குறிப்பிடுகிறார். அத்தகைய 16 சேர்ந்தால் ஒரு வெள்ளித் ‘தாரே’. கோழிக்கோட்டில் குரங்குகள் ஏராளம் என்றும், ஒரு குரங்கின் விலை 4 காசு என்றும் இன்னோரிடத்தில் எழுதுகிறார். 1886இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதியான ‘ஹாப்சன் ஜாப்சன்’ இந்தக் குறிப்பை எடுத்துக்காட்டுகிறது. குரங்குக்கு எதற்கு நாலு காசு என்பது விளங்கவில்லை என்று அதன் தொகுப்பாசிரியர்கள் யூலும் பர்னலும் ஓரமாக ஒரு குத்து வைத்திருக்கிறார்கள். அகராதியில் நகைச்சுவைக்கு இடமில்லை என்பவர்கள் அந்தப் புத்தகத்தைப் புரட்டியதில்லை.

போர்த்துக்கீசியர் காசைத் தம் நாவுக்கு ஏற்றபடி ‘காய்ஷா’ என்று எழுதினார்கள். இங்கேதான் முடிச்சு விழுகிறது. அவர்கள் மொழியில் பெட்டிக்கும் காய்ஷா என்றுதான் பெயர். அதே லத்தீன் காப்சாவின் வாரிசு. புதிதாகக் காதில் விழுந்த தமிழ் நாணயத்தின் பெயருக்கு, தமக்கு ஏற்கெனவே பழக்கமான சொல்லின் சட்டையை மாட்டிவிட்டார்கள். இரண்டு கேஷையும் ஒன்றென்று நினைக்கும் மயக்கத்தை இன்றைய வாட்ஸ்அப் தொடங்கிவைக்கவில்லை. 500 ஆண்டுகளுக்கு முன்பு ஏதோ ஒரு துறைமுகத்தில் கணக்கெழுதிய போர்த்துக்கீசியக் கணக்கப்பிள்ளை அதற்குப் பிள்ளையார் சுழி போட்டுவிட்டார்.

கோவாவில் பேராயரின் செயலராக இருந்த யான் ஹூய்கென் வான் லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் எழுதிய பயண நூல், டச்சு மொழியில் 1596இல் வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு லண்டனில் 1598இல் வந்தது. ஃப்ளோரியோவின் அகராதி வந்த அதே ஆண்டு, அதே ஊர்! சாவகத் தீவில் சுண்டாப் பகுதி மக்கள் காய்ஷா என்ற செம்பு நாணயத்தையே புழங்குகிறார்கள், அதன் நடுவில் துளை இருக்கும், கயிற்றில் கோத்து வைப்பார்கள் என்று அந்த நூல் விவரிக்கிறது. ஆக, ஒரே ஆண்டில் லண்டன் அச்சுக்கூடங்களிலிருந்து ஒரு புத்தகத்தில் இத்தாலியப் பெட்டியும், இன்னொரு புத்தகத்தில் தமிழ்க் காசும் ஆங்கில வாசகர் கைக்குப் போயிருக்கின்றன. இரண்டும் வந்த வழி வேறு என்பதற்கு இதைவிடத் துலக்கமான சாட்சியம் கிடைப்பது அரிது.

நடுவில் துளையிட்ட நாணயம் என்றதும் விவரம் தெரிந்தவர்களுக்குச் சீனம் நினைவுக்கு வரும். சாவகத்தில் புழங்கியது சீனத்துச் செம்பு நாணயம்தான். வட்டமான உருவம், நடுவே சதுரத் துளை, ஆயிரம் ஆயிரமாகக் கயிற்றில் கோத்த சரங்கள். சீனர்கள் அதைச் ‘சியன்’ என்பார்கள். மலாக்காவை 1511இல் பிடித்த போர்த்துக்கீசியர் அங்கே சோழமண்டலக் கரை வணிகர்களையும் சீன வணிகர்களையும் ஒரே சந்தையில் கண்டார்கள். மதிப்புக் குறைந்த சிறு நாணயம் எதுவானாலும் தென்னிந்தியாவில் கற்ற பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் உலகெங்கும் நாணயம் சேர்ப்பவர்களும் அருங்காட்சியகப் பட்டியல்களும் இரண்டாயிரம் ஆண்டுச் சீன நாணயங்களைக் குறிக்க எழுதும் சொல் கேஷ். அதற்கும் மேலே ஒன்று உண்டு. சிங் வம்சத்தின் கடைசிக் காலத்தில் சீன மாகாணங்கள் இயந்திரத்தில் அச்சிட்ட செம்பு நாணயங்களில், ஆங்கில எழுத்தில் ‘டென் கேஷ்’ என்று பொறித்தார்கள். பத்துக் காசு! சீன அரசே தன் நாணயத்தில் பொறித்துக்கொண்ட தமிழ்ச் சொல் அது. இதைச் சொல்ல நம் மேடைகளுக்கு ஏனோ தோன்றவில்லை.

சீன நாணயங்கள் தமிழ்நாட்டு மண்ணிலும் கிடைத்திருக்கின்றன. தஞ்சைப் பகுதியில் தாலிக்கோட்டை, விக்கிரமம் ஆகிய ஊர்களில் புதையல்களாகவே எடுத்தார்கள். வணிகம் இருபக்கமும் ஓடியது. நாணயம் இங்கே வந்தது, நாணயத்தின் பெயர் அங்கே போனது.

தமிழுக்குள் இந்தச் சொல் நடந்துவந்த தூரமும் குறைவில்லை. குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் ஒரு காட்சி காட்டுகிறார். வேப்பம்பழத்தை வளைந்த அலகில் கவ்வியிருக்கும் கிளி, புது நூலில் கோக்கப் பொற்காசைக் கூரிய நகத்தில் பிடித்திருக்கும் விரல்களைப் போலத் தெரிகிறதாம். அந்தக் காசு கடைவீதிக்குப் போவதல்ல. கோத்து அணியும் நகையின் உறுப்பு. ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு பொன் நாணயம். கோயிலுக்கு விட்ட காசை ஊர்ச் சபைகள் வட்டிக்கு வாங்கின. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஈழக்காசு என்று தனிப்பெயர் கொண்ட நாணயமும் சோழர் கல்வெட்டுகளில் வருகிறது. பிறகு நூற்றாண்டுகள் செல்லச் செல்லக் காசு பொன்னிலிருந்து செம்புக்கு இறங்கி, கடைசியில் இருக்கிற நாணயங்களிலேயே சின்னதற்குப் பெயராயிற்று. பழைய மதிப்பைக் காசுமாலை மட்டும் கழுத்தில் காப்பாற்றி வைத்திருக்கிறது. இலக்கண ஆசிரியர்கள் வெண்பாவின் ஈற்றடி முடியும் வாய்பாடுகளில் ஒன்றுக்குக் காசு என்றும், அதற்கடுத்ததற்குப் பிறப்பு என்றும் பெயர் வைத்தார்கள். யாப்புப் படித்த எவருக்கும் காசென்றால் பிறப்பு நினைவுக்கு வரும். இந்தச் சொல்லின் பிறப்பைத்தான் சரியாக விசாரிக்காமல் விட்டுவிட்டோம்.

விசாரித்தால் அதிலும் வழக்கு உண்டு. வடமொழியில் ‘கர்ஷம்’ என்ற எடைப் பெயரிலிருந்து காசு வந்தது என்பது ஒரு கட்சி. ஹாப்சன் ஜாப்சன் அந்தப் பக்கம். மறுபக்கம், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி, மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு ஆகியவற்றோடு நீலகிரியின் கோத்தர், தோடர் மொழிகளிலும் இதன் வடிவங்களைக் காட்டுகிறது. எப்படியானாலும் ஐரோப்பியர் காதில் விழுந்தது தென்னிந்தியர் சொன்ன காசுதான். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கு ரூபாயில் ஓடவில்லை என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆங்கிலத்தில் கேஷ், ஃபானம், பகோடா. ரூபாய் முறைக்குச் சென்னை மாறியது 1818இல். அதற்கு முன் உள்ளூர்ச் சில்லறைத் தட்டுப்பாட்டைத் தீர்க்க, பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச் சாலையில் 1803, 1808 ஆண்டுகளில் சென்னைக்கென்றே செம்புக் காசுகள் அச்சாயின. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தில் ‘காஸ்’, கீழே ரோமன் எண்ணில் மதிப்பும் ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லும்.

அந்தக் காசுகளில் டன் கணக்கானவை சென்னைக்கு வந்து சேரவே இல்லை. ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கம்பெனிக் கப்பல் 1809 ஜனவரியில் புறப்பட்ட கையோடு, இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் உள்ள குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி உடைந்தது. பீப்பாய்களில் அடைத்த 10 காசு, 20 காசு நாணயங்கள் கடலடியில் கிடந்தன. 1980களில் முக்குளிப்போர் அவற்றை அள்ளி மேலே கொண்டுவந்தார்கள். சைதாப்பேட்டைச் சந்தையில் கத்தரிக்காய்க்குக் கைமாறியிருக்க வேண்டிய செம்புத் துண்டுகளை இன்று வெளிநாட்டு நாணய வணிகர்கள் கண்ணாடி உறையில் வைத்து விற்கிறார்கள்.

திருவிதாங்கூரில் கதை இன்னும் நீண்டது. அங்கே 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து 1949இல் தன் அடையாளத்தை இழக்கும்வரை இந்தக் கணக்கு உயிரோடிருந்தது. அன்றைய திருவிதாங்கூரின் பகுதியான நாகர்கோவில், தக்கலைப் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சக்கரமும் காசும் புத்தகச் செய்தி அல்ல. சிறுவயதில் கையில் வைத்திருந்த நாணயங்கள். யாழ்ப்பாணத்திலோ பணம் என்பதைவிடக் காசு என்ற சொல்லே இன்றும் வாயில் முதலில் வரும். சிங்களத்திலும் ‘காசி’ என்றால் நாணயம்.

இவ்வளவு வலுவான உண்மைக் கதை கையில் இருக்கும்போது, இத்தாலியனின் பெட்டியை நம்முடையது என்று ஏன் இழுத்துக்கொள்ள வேண்டும்? ஒலி ஒத்திருக்கிறது என்பதால்தான். ஒலி ஒற்றுமை எவ்வளவு பொல்லாதது என்பதற்கு மொழியியலாளர்கள் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. குயின்ஸ்லாந்தின் பழங்குடி மொழிகளில் ஒன்றான ம்பபாரத்தில் நாய்க்கு ‘டாக்’ என்று பெயர். ஆங்கிலத்திலிருந்து போனதா? இல்லை. 1960களில் அந்த மொழியை ஆராய்ந்த ஆர். எம். டபிள்யூ. டிக்சன், பக்கத்து மொழிகளில் உள்ள ‘குடக’ என்ற சொல்லே ஒழுங்கான ஒலி மாற்றங்களின்படி தேய்ந்து அங்கே டாக் ஆகியிருப்பதைக் காட்டினார். ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வெறும் தற்செயல்.

நம் பக்கத்திலேயே முந்திரிப் பருப்பின் கதை ஒன்று உலவுகிறது. கொல்லத்தில் ஒரு காசுக்கு எட்டு என்று கூவி விற்றார்களாம்; ‘காசினு எட்டு’ என்ற அந்த மலையாளக் கூவல்தான் வெள்ளைக்காரன் காதில் ‘கேஷ்யூ’ ஆனதாம். கேட்க ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் மரமே பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. அங்கே துப்பி மொழி பேசிய மக்கள் அதை ‘அகாஜு’ என்றார்கள். போர்த்துக்கீசியர் ‘காஜு’ ஆக்கினார்கள். இலங்கைத் தமிழர் இன்றும் கஜு என்கிறார்கள். காசுக்கு இதில் வேலையே இல்லை.

சொல்லின் பிறப்பைக் கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் போதும்: எந்த ஆண்டில் முதலில் எழுதப்பட்டது, யார் வழியாகப் போனது, எழுத்தில் என்ன சாட்சி? கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது ஒழுங்கான ஒலி உறவுகளைக் காட்டித்தான் உலகத்தை ஒப்புக்கொள்ள வைத்தார். அந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். கைதட்டலுக்கு அது தேவைப்படுவதில்லை.

தவறான பெருமை யாருக்கும் தீங்கில்லையே என்று சிலர் கேட்கலாம். தீங்கு உண்டு. கேஷ் தமிழ் என்று மேடையில் கேட்ட மாணவி ஆங்கில அகராதியைத் திறக்கிறாள். முதல் பதிவில் லத்தீன் பெட்டி என்று இருக்கிறது. ஏமாற்றத்தோடு மூடிவிடுகிறாள்; அடுத்த பதிவில் தமிழ் என்று எழுதியிருப்பதை அவள் பார்ப்பதே இல்லை. அதன் பிறகு கட்டுமரம் கேட்டமரன் ஆனதும், சுருட்டு செரூட் ஆனதும், மிளகுத் தண்ணீர் ஆங்கிலேயர் மேசையில் மல்லிகட்டானி சூப்பாகப் பரிமாறப்பட்டதும், குருந்தக் கல் கொரண்டம் ஆனதும் அவளுக்குப் பட்டிமன்றச் சரக்காகவே தோன்றும். பொய்ச் சாட்சி சொன்னவனின் உண்மையும் நீதிமன்றத்தில் எடுபடாது.

ஆங்கிலச் சொல் எப்போது பிறந்தது என்று சொல்ல முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் ஒரு பேருழைப்பு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதல் பகுதி 1884இல் வந்தது, முழுதும் முடிந்தது 1928இல். ஜேம்ஸ் மரே தலைமையில் நடந்த அந்த வேலைக்குப் பழைய புத்தகங்களைப் படித்துத் துண்டுச் சீட்டுகளில் சொற்களை எழுதி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத பொதுமக்கள். தமிழிலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. சாந்தி சாதனா அறக்கட்டளை, எ. சுப்பராயலுவைப் பதிப்பாசிரியராகக் கொண்டு கல்வெட்டுச் சொல்லகராதி வெளியிட்டது. அரிய பணிகள் இவை. ஆனால் கடந்த நானூறு ஆண்டுகளின் கணக்கேடுகள், கடிதங்கள், பத்திரங்களில் ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில் என்ன பொருளில் வந்தது என்று வரிசைப்படுத்தும் அகராதி தமிழுக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. காசு, பணம், சக்கரம், துட்டு என்ற நாணயப் பெயர்களுக்கு மட்டும் அதைச் செய்தால்கூட ஒரு தனிப் புத்தகம் ஆகும்.

அதற்கான மூலங்கள் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. தாத்தாவின் மளிகைக் கடைப் பேரேடு, பாட்டியின் மொய் நோட்டு, திருவிதாங்கூர்க் காலத்துப் பாட்டப் பத்திரம், கடல் கடந்து போனவர்கள் போட்ட கடிதம் என எதுவாக இருந்தாலும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட வேண்டாம். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது; உங்கள் ஊர்க் கல்லூரியில் வரலாற்றுத் துறையோ தமிழ்த் துறையோ இருக்கும். எறிவதற்கு முன் அவர்களில் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.